புதன்கிழமை வெள்ளைப் பாவாடை

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"டீச்சர், நாங்க திருச்சி. பொண்ணு எட்டாவது, பையன் நாலாவது, ரெண்டு பேரும் ஒரே மெட்ரிக் ஸ்கூல். இந்த ஜூன்ல யூனிஃபார்முக்கு மட்டும் 11,400 ரூபா ஆச்சு. ஆளுக்கு ரெகுலர் ரெண்டு செட், புதன்கிழமைக்கு வெள்ளை ஒரு செட், ஹவுஸ் கலர் டீ-ஷர்ட், டிராக் பேன்ட், பெல்ட், டை, ஷூ ரெண்டு ஜோடி. எல்லாமே ஸ்கூல் சொல்ற கடையிலதான் வாங்கணும். போன மாசம் மழையில பொண்ணோட வெள்ளை ஷூ காயல, கருப்பு ஷூ போட்டு அனுப்பினேன். பிரேயர்ல தனியா நிக்க வெச்சு, ஃபர்ஸ்ட் பீரியட் முழுக்க கிளாசுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. அதுல இருந்து புதன்கிழமை ஆனா வயித்து வலிங்கறா. யூ.எஸ்.ல இருக்கற என் அண்ணன் பொண்ணு ஜீன்ஸ் போட்டுட்டு ஸ்கூல் போறா, எனக்கு மட்டும் ஏம்மா இதெல்லாம்னு கேக்கறா. அடுத்த வாரம் பி.டி.ஏ. மீட்டிங். யூனிஃபார்மே வேணாம்னு எழுதிக் கொடுக்க நாலஞ்சு பேரண்ட்ஸ் கிளம்பியிருக்காங்க, என்கிட்டயும் கையெழுத்து கேக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் யூனிஃபார்ம் போச்சுன்னா ஒழுக்கமும் போச்சுங்கறார். நான் கையெழுத்து போடலாமா, வேணாமா?"

வணக்கம்மா. நேராவே சொல்லிடறேன், அந்தத் தாள்ல கையெழுத்து போடாதீங்க. ஆனா மீட்டிங்குக்கு கட்டாயம் போங்க, வேற ஒரு லெட்டரோட போங்க. அது என்ன லெட்டர்னு பின்னாடி சொல்றேன், அதுக்கு முன்னாடி அந்த வயித்து வலி.

ஷூவுக்காக நிக்க வெச்சதுல வந்த அவமானம்னு நீங்க நினைக்கறீங்க, இருக்கலாம், அதுவும் சின்ன விஷயம் இல்ல. ஆனா எட்டாவது படிக்கற பொண்ணு வெள்ளை போடற நாள்ல மட்டும் வயித்து வலிங்கறான்னா ஷூவை விட்டுட்டு பாவாடையைப் பாருங்க. நான் 33 வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல்ல டீச்சர், அதுல கடைசி ஒம்போது வருஷம் ஹெச்.எம்., வயசுக்கு வந்த பிள்ளைங்க வெள்ளையைப் போட்டுக்கிட்டு ஒரு நாளை எப்படி ஓட்டுதுங்கன்னு பக்கத்துல இருந்து பார்த்தவ. பெஞ்சை விட்டு எந்திரிக்காதுங்க. போர்டுல வந்து கணக்கு போடுன்னா தெரியாது மிஸ்னு சொல்லிடும், தெரியும், நேத்துதான் நோட்டுல போட்டிருக்கும், இருந்தாலும் தெரியாதுன்னு சொல்லி திட்டு வாங்கிக்கும். பெல் அடிச்சதும் எல்லாரும் போற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, ஃப்ரெண்டை பின்னாடி நடக்கச் சொல்லி "ஏய் பாருடி, ஏதாவது தெரியுதா"ன்னு கேட்டுக்கிட்டே, பேகை முதுகுல மாட்டாம இடுப்புக்குக் கீழ தொங்கவிட்டு மறைச்சுக்கிட்டு போகும். உங்க ஸ்கூல்லயும் புதன்கிழமைதான் பி.டி. பீரியட் இருக்கும்னு நினைக்கறேன், பொதுவா வெள்ளை அன்னைக்குத்தான் வெப்பாங்க. அப்ப ஓடணும், குதிக்கணும், அதையும் வெள்ளையிலதான் செய்யணும். நாமளும் அந்த வயசைத் தாண்டி வந்தவங்கதானேம்மா.

நான் ஹெச்.எம். ஆன முதல் வருஷமே கருநீலத்துல நாலு பாவாடை தைச்சு ஸ்டாஃப் ரூம் பீரோல வெச்சேன், யாருக்காவது அவசரம்னா வந்து கேட்டு வாங்கிக்கங்கன்னு கிளாஸ் கிளாஸா போய் சொன்னேன். வருஷம் முடியற வரைக்கும் ஒரு பிள்ளை வரல. மடிப்பு கலையாம அப்படியே இருந்துச்சு. எனக்கு ஒரே ஆச்சரியம், அப்புறம் எங்க தையல் டீச்சர்தான் சொன்னாங்க, "மேடம், ஸ்டாஃப் ரூம்ல மூணு சார் உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி வந்து எந்தப் பொண்ணு கேக்கும்?" அவ்வளவுதான் விஷயம். தையல் கிளாஸ் அலமாரிக்கு மாத்தினோம், சாவி கிடையாது, கேக்கவும் வேணாம், எடுத்துக்க வேண்டியது, துவைச்சு கொண்டாந்து வெச்சுட வேண்டியது. ரெண்டே மாசத்துல நாலு பத்தாம எட்டாச்சு.

விம்பிள்டன் டென்னிஸ் டிவில பார்த்திருப்பீங்க, வெள்ளையைத் தவிர வேற கலர் கண்ல பட்டாலே ஆகாது அவங்களுக்கு, உள்ள போடறது கூட வெள்ளையாத்தான் இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சவங்க. அவங்களே 2023ல லேடி பிளேயர்ஸ் உள்ள டார்க் கலர் ஷார்ட்ஸ் போட்டுக்கலாம்னு ரூலை மாத்திட்டாங்க, காரணம் இதேதான். விம்பிள்டனே இறங்கி வந்தப்புறம் திருச்சில ஒரு மெட்ரிக் ஸ்கூல் வரக்கூடாதா என்ன.

அதனால இன்னிக்கு ராத்திரி, தம்பி தூங்கினப்புறம், "ஏண்டி போகமாட்டேங்கற"ன்னு ஆரம்பிக்காம, "எனக்கெல்லாம் அந்த வயசுல வெள்ளை தாவணி போடறதுன்னாலே பயம்"னு உங்க கதையில இருந்து ஆரம்பிங்க. அவளே சொல்லுவா. நான் நினைச்சது தப்பா இருந்து வெறும் ஷூ கோவம்தான்னாலும் நஷ்டம் ஒண்ணும் இல்ல, அம்மாவும் பொண்ணும் பேசின மாதிரி இருக்கும். மாசா மாசம் நிஜமாவே தாங்க முடியாத வலின்னு சொன்னான்னா மட்டும் யூனிஃபார்ம் கதையை ஒதுக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

சரி, இப்ப பெரிய கேள்வி. யூனிஃபார்ம் வேணுமா வேணாமான்னா நான் வேணும் கட்சி. அதுக்குக் காரணம் ஒரு பிறந்தநாள்.

எங்க ஸ்கூல்ல பிறந்தநாள்னா கலர் டிரஸ் போட்டுட்டு வரலாம், எல்லா ஸ்கூல்லயும் இருக்கற வழக்கம்தான். ஆறாவதுல ஒரு பொண்ணு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பக்கத்துல அட்மிஷன் ரெஜிஸ்டர் தற்செயலா திறந்திருந்துச்சு, பார்த்தா இன்னிக்குத்தான் அவளுக்குப் பிறந்தநாள். பொண்ணு யூனிஃபார்ம்ல உக்காந்திருக்கு. எனக்கு ஒரே சந்தோஷம், என்னமோ கண்டுபிடிச்சுட்ட மாதிரி, "ஏய் இன்னிக்கு உனக்கு பர்த்டேதானே, ஏன் கலர் டிரஸ் போடல"ன்னு கிளாஸ் முன்னாடியே கேட்டுட்டேன். அது பட்டுனு எந்திரிச்சு, "இல்ல மிஸ், அது சர்ட்டிபிகேட்டுக்குக் கொடுத்த தேதி, நிஜ பர்த்டே லீவுல வருது"ன்னுச்சு. பதினோரு வயசுப் பிள்ளை, யோசிக்கவே இல்ல, பதிலைத் தயாரா வெச்சிருந்துச்சு. கேள்வி வரும்னு வீட்டுல இருந்தே கிளம்பும்போது யோசிச்சுட்டு வந்திருக்கு. அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது, வருஷத்துல ஒரு நாள் கலர் டிரஸ்சுக்கே இந்தப் பாடுன்னா, வருஷம் பூரா கலர் டிரஸ்னா இது போல எத்தனை பதில் தயார் பண்ணணும் ஒரு பிள்ளை. ஸ்கூல்ல கலர் டிரஸ் டேன்னு அறிவிச்சா அன்னைக்கு அட்டெண்டன்ஸ் எப்படி இருக்குன்னு எந்த டீச்சரையும் கேட்டுப் பாருங்க. வராத பிள்ளைங்க யார் யாருன்னு பேரோட சொல்லுவாங்க.

அதனாலதான் யூனிஃபார்ம்ங்கறது நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கான்வென்ட் பழக்கம் மட்டும்னு சொல்ல எனக்கு மனசு வராது. காமராஜர் காலத்துல மதிய உணவு வந்தப்ப அதோட சேர்ந்து வந்த பேச்சுதான் இது, சாதியும் பணமும் சட்டையில தெரியக்கூடாதுங்கறது. அப்புறம் 1985ல எம்.ஜி.ஆர். ஆட்சியில சத்துணவு சாப்பிடற பிள்ளைங்களுக்கு இலவச சீருடை வந்துச்சு, ஒரு செட். 2012ல இருந்து நாலு செட். துணி கூட்டுறவு சங்கத்து நெசவாளர்கிட்ட இருந்து வரும், தைக்கறது மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துப் பெண்கள். அளவெடுக்க டேப்போட அந்தம்மாங்க வர்ற அன்னைக்கு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சை விரிச்சுக்கிட்டு நிக்கும், பெரிய சைஸ் வேணுமாம். பார்க்கறதுக்கே அவ்வளவு அழகா இருக்கும்.

ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. இலவச சீருடை எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவது ஏறினதும் சொந்தக் காசுல எடுத்துக்கணும். பிள்ளை திடுதிப்புன்னு வளர்ற வயசு, பொண்ணுங்களுக்கு சுடிதார், ஷால்னு துணியும் கூட ஆகற வயசு, சரியா அப்ப நின்னுடும். ஜூன் மாசம் ஒன்பதாங்கிளாஸ்ல மட்டும் பழைய யூனிஃபார்மை கை பிதுங்கப் போட்டுட்டு வர்ற பிள்ளைங்களை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கேன். கட்டாயம்னு சொன்னா அந்தக் கட்டாயத்தோட செலவு யார் தலையில விழுதுன்னும் சேர்த்துச் சொல்லணும், இதுதான் என் கட்சியோட முக்கால்வாசி.

இன்னொண்ணு. ஒரே கலர் சட்டை போட்டா எல்லாம் ஒண்ணாயிடும்னு நம்பிட்டு உக்காரவும் கூடாது. நான் தென் மாவட்டத்துல ஆறு வருஷம் இருந்திருக்கேன். சட்டை ஒரே கலர், டவுசர் ஒரே கலர், ஆனா மணிக்கட்டுல கயிறு வேற வேற கலர். சிவப்பு ஒரு ஆளு, மஞ்சள் ஒரு ஆளு, பச்சை ஒரு ஆளு. புதுசா வந்த டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது, ஏதோ கோயில் கயிறுன்னு நினைச்சுப்பாங்க, பசங்களுக்கு அது தெருப் பேரு எழுதி மாட்டின போர்டு மாதிரி. 2019ல பள்ளிக் கல்வி இயக்குநரே இதைப் பத்தி சுற்றறிக்கை அனுப்பற அளவுக்குப் போச்சு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில கூடப் படிக்கற பசங்களே வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கச்சியையும் அரிவாளால வெட்டினாங்களே, அதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூன்ல கொடுத்த ரிப்போர்ட்ல கயிறு, மோதிரம், நெத்திப் பொட்டுன்னு இந்த அடையாளம் எல்லாத்தையும் ஸ்கூல்ல தடை பண்ணணும்னு சொல்லுச்சு. பேன்ட் சட்டையை ஒண்ணாக்கினா சாதி கைக்கு இறங்குது, கையைப் பார்த்தா நெத்திக்கு ஏறுது. யூனிஃபார்ம் ஒரு வாசல்தான்மா, அதுக்குள்ள நடக்க வேண்டியதை டீச்சருங்கதான் செய்யணும்.

உங்க வீட்டுக்காரர் சொல்ற ஒழுக்கம். சாரைக் குறை சொல்லல, பெரும்பாலான அப்பாக்கள் அப்படித்தான் நினைக்கறாங்க, ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைச்சேன். அமெரிக்காவுல கலிஃபோர்னியால லாங் பீச்னு ஒரு ஊர், 1994ல எலிமெண்டரி, மிடில் ஸ்கூல் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் யூனிஃபார்ம் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, சண்டை சச்சரவு குறைஞ்சுதுன்னு ஊரெல்லாம் பேச்சு, 1996ல பிரசிடெண்ட் கிளிண்டனே பார்லிமெண்ட் உரையில யூனிஃபார்மைப் பத்திப் பேசினார். ஆனா 1998ல பிரன்ஸ்மா, ராக்கிமோர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுக்க எடுத்த மாணவர் கணக்கை வெச்சுப் பார்த்தப்ப, யூனிஃபார்மால லீவு போடறதோ சேட்டையோ குறைஞ்சதாத் தெரியலன்னுட்டாங்க. லாங் பீச்லயும் அதே நேரத்துல வேற நிறைய மாத்தம் பண்ணியிருந்தாங்க, பேரு யூனிஃபார்முக்குப் போயிடுச்சு. என் அனுபவமும் அதுதான், டையை ஒழுங்காக் கட்டிட்டு வந்த பசங்க அடிச்ச கூத்தை எழுதினா தனிப் புத்தகமாப் போடலாம். சாருக்கு இதைச் சொல்லுங்க, அண்ணன் பொண்ணு கதை கேக்கற மகளுக்கும் சொல்லுங்க. அமெரிக்காவுல பெரும்பாலான கவர்மெண்ட் ஸ்கூல்ல யூனிஃபார்ம் இல்லதான், ஆனா டிரஸ் கோடு இருக்கு, ஷார்ட்ஸ் நீளம் எவ்வளவு, தோள்பட்டை தெரியலாமா கூடாதான்னு அங்க பொண்ணுங்களும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. அண்ணன் பொண்ணுக்கே ஒரு போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க.

இப்ப எனக்கு உண்மையிலேயே கோவம் வந்த இடம். ஒரு பீரியட் வெளிய நிறுத்தினது.

இதைச் சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இருக்கான்னும் தெரியல, ஏன்னா நானும் பண்ணியிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஏழாவதுல ஒரு பையன், சட்டை யூனிஃபார்ம், டவுசர் மட்டும் ஏதோ ஒரு கட்டம் போட்டது. பிரேயர்ல இழுத்து நிக்க வெச்சு, வீட்டுக்குப் போய் மாத்திட்டு வான்னு அனுப்பிட்டேன். போய் காக்கி டவுசர் போட்டுட்டு வந்தான். அன்னைக்கு முழுக்க அவன் எந்திரிக்கவே இல்ல. சாப்பாட்டு பெல் அடிச்சும் எந்திரிக்கல, பசிக்கலன்னுட்டான். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டே பக்கவாட்டுல நடந்து வாசல் வரைக்கும் போனான் பாருங்க, அப்பத்தான் எனக்கு உறைச்சுது, டவுசர் பின்னாடி போஸ்ட் பாக்ஸ். ரெண்டு பக்கமும் ஓட்டை. அதை மறைக்கத்தான் கட்டம் போட்ட டவுசர்ல வந்திருக்கான், நான் அனுப்பி ஓட்டை டவுசரைப் போட வெச்சு, சத்துணவையும் சாப்பிட விடாம பண்ணியிருக்கேன். யூனிஃபார்ம் ரூலை நான் காப்பாத்திட்டேன், அவ்வளவுதான்.

யூனிஃபார்ம் சரியில்லன்னா பிள்ளையைப் பிடிச்சு நிக்க வெக்கறது எவ்வளவு அபத்தம்னு யோசிங்க. துணி வாங்கறது அப்பா, துவைக்கறது அம்மா, காய வெக்கறது வெயில், ரூல் போட்டது ஸ்கூல். இதுல பிள்ளை எங்க வருது? ஆனா நிக்கறது பிள்ளை. ஷூ காயலன்னா அது மழையோட தப்பு, மழையைக் கூப்பிட்டு பிரேயர்ல நிக்க வெக்கட்டும்.

கர்நாடகாவுல 2022ல ஹிஜாப் பிரச்சனை வந்ததே, அதுல யார் பக்கம் நியாயம்னு இங்க பட்டிமன்றம் நடத்தப் போறதில்ல. யூனிஃபார்ம் மட்டும்தான் போடணும்ங்கற கவர்மெண்ட் உத்தரவு சரின்னு ஹைகோர்ட் மார்ச்ல சொல்லுச்சு, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு ஜட்ஜும் ரெண்டு விதமாச் சொல்லிட்டாங்க. ஆனா அதுல ஒரு ஜட்ஜ், சுதான்ஷு துலியா, தன் மனசுல முதல்ல நின்னது பொண்ணுங்க படிப்புதான்னு எழுதினார். காலேஜ் கேட்டுக்கு வெளிய புத்தகப் பையோட நின்ன பொண்ணுங்களை டிவில பார்த்தப்ப எனக்கும் அதுதான் தோணுச்சு. எந்தத் துணியா இருந்தாலும் சரி, அதுக்காக ஒரு பிள்ளை கிளாசுக்கு வெளிய நிக்குதுன்னா அங்க யூனிஃபார்ம் தோத்துப் போச்சு. பிள்ளைங்களை உள்ள ஒண்ணா உக்கார வெக்கறதுக்கு வந்த துணிதானே அது.

சட்டமும் உங்க பக்கம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பிள்ளையை உடம்பால தண்டிக்கறதும் மனசளவுல துன்புறுத்தறதும் கூடாதுங்குது, பிரைவேட் ஸ்கூலுக்கும் இது உண்டு. பிரேயர்ல அத்தனை பேர் முன்னாடி தனியா நிக்க வெக்கறதை வேற என்னன்னு சொல்றது? இதை எடுத்ததும் பிரின்சிபால் முகத்துல எறியாதீங்க, மனசுல வெச்சுக்கிட்டு பேசுங்க. பேசி நடக்கலன்னா மாவட்டத்துல தனியார் பள்ளிகளுக்குன்னு தனி டி.இ.ஓ., அதாவது மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கார், எழுத்துல கொடுக்கலாம், கல்வித் துறையோட 14417 ஹெல்ப்லைனும் இருக்கு. முக்கால்வாசி கேஸ்ல அது வரைக்கும் போகாது. ஒரு அம்மா வந்து நிதானமாப் பேசினாலே பிரின்சிபால் இறங்கிடுவாங்க, அனுபவத்துல சொல்றேன், நானும் அந்த சேர்ல உக்காந்தவதானே.

இப்ப அந்த லெட்டர். யூனிஃபார்ம் வேணாம்னு எழுதினா மேனேஜ்மெண்டுக்கு ரொம்ப வசதி, 'சில பேரண்ட்ஸ் ஒழுக்கம் வேணாங்கறாங்க'ன்னு ஒரே வரில மூடிடுவாங்க, உங்க வீட்டுக்காரர் மாதிரி பாதிப்பேர் அவங்க பக்கம் கை தூக்கிடுவாங்க. அதனால, 'யூனிஃபார்ம் வேணும், நல்லபடியா வேணும்'னு எழுதுங்க. முதல் வரி, வெள்ளைப் பாவாடை, வெள்ளை பேன்ட்டுக்குப் பதிலா பொண்ணுங்களுக்கு நேவி ப்ளூவோ கருப்போ, மேல வெள்ளை சட்டை இருந்துட்டுப் போகட்டும். மாத்தற வரைக்கும் டிராக் பேன்ட்ல வர அனுமதி. இதைக் கேக்கும்போது சுத்தி வளைக்காம காரணத்தைச் சொல்லியே எழுதுங்க, ஏழாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பொண்ணு வெச்சிருக்கற அம்மாங்ககிட்ட மட்டும் முதல்ல கையெழுத்து வாங்குங்க, யூனிஃபார்ம் வேணாம் தாளுக்குக் கிடைச்சதை விட கூடக் கிடைக்கும்.

அடுத்தது கடை. துணி கலரும் நம்பரும் ஸ்கூல் சொல்லட்டும், எங்க வேணா எடுத்துத் தைச்சுக்கலாம்னு இருக்கட்டும், சின்னம் மட்டும் தனியா ஸ்கூல்ல வாங்கி பாக்கெட்ல தைச்சுக்கலாம். நெய்த சின்னம் போட்ட சட்டை, சின்னம் போட்ட பெல்ட், சின்னம் போட்ட சாக்ஸ்னு போனாத்தான் ஒரே கடையில மாட்டறோம். இங்கிலாந்துல இதுக்குன்னு 2021ல தனிச் சட்டமே போட்டாங்க, ஸ்கூல் பேர் போட்ட உருப்படியை முடிஞ்ச அளவு குறைக்கணும், பழைய யூனிஃபார்ம் கிடைக்க வழி பண்ணணும்னு அதை ஒட்டி ஸ்கூல்களுக்கு வழிமுறை கொடுத்தாங்க. டையும் பிளேசரும் நமக்குக் கத்துக் கொடுத்த ஊரே செலவைப் பார்த்து பயந்துடுச்சு, நாம ஏப்ரல் மாசம் திருச்சி வெயில்ல நாலாங்கிளாஸ் பையன் கழுத்துல டை கட்டி அனுப்பிட்டிருக்கோம். டையை எடுத்துடச் சொல்லி ஒரு வரி, தயவுசெஞ்சு, என் பேர்ல எழுதுங்க.

பழைய யூனிஃபார்முக்கு ஒரு அலமாரி கேளுங்க, நாலாவது முடிச்ச பையனோட சட்டை மூணாவது பையனுக்கு, நல்லா இருக்கறதை மட்டும் துவைச்சு இஸ்திரி போட்டு வெக்கறது. யார் எடுத்தாங்கன்னு நோட்டுல எழுதற வேலை வேணாம், எங்க பாவாடைக் கதைதான் சொன்னேனே. கலரையோ டிசைனையோ வருஷா வருஷம் மாத்தக்கூடாது, மாத்தினா ஒரு வருஷம் முன்னாடியே சொல்லணும், பழசையும் அதுவரைக்கும் ஒத்துக்கணும். கடைசி வரி இதுதான், இதுல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க: யூனிஃபார்ம்ல குறை இருந்தா டைரில எழுதி பெற்றோருக்கு அனுப்பறது, பிள்ளையை எக்காரணம் கொண்டும் கிளாசுக்கு வெளிய நிறுத்தறதில்ல.

பொண்ணுங்களுக்கு பாவாடைதான்னு இருக்கணுமான்னு உங்க மகள் கேட்டா அதையும் சேர்த்துக்கங்க. கேரளால பெரும்பாவூர் பக்கம் வளையன்சிறங்கரன்னு ஒரு ஊர்ல கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல்ல பையன் பொண்ணு எல்லாருக்கும் முக்கால் பேன்ட், சட்டைன்னு கொண்டு வந்தாங்க, பிள்ளைங்க சந்தோஷமா ஓடி ஆடிச்சுங்க. 2021 டிசம்பர்ல பாலுச்சேரில ஹயர் செகண்டரிக்கும் பேன்ட் வந்தப்ப சில அமைப்புங்க எதிர்ப்பு காட்டினாங்க, அது பாட்டுக்கு நடந்துச்சு. பேன்ட்டோ சுடிதாரோ பாவாடையோ, கலர் ஒண்ணா இருந்தா போதாதா, எது வசதின்னு போட்டுக்கறவங்க சொல்லட்டும்.

இந்த லெட்டரை நீங்களே எழுதாதீங்க, முதல் பாராவை உங்க மகளை எழுதச் சொல்லுங்க. பேர் போட வேணாம், 'எட்டாம் வகுப்பு மாணவிகள்'னு போட்டா போதும். அவ ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டுட்டு வருவா பாருங்க, எனக்கும் உங்களுக்கும் தோணாததெல்லாம் அதுல வரும்.

மீட்டிங் அடுத்த வாரம்தான், அதுக்கு நடுவுல ஒரு புதன்கிழமை வருது. அன்னைக்கு லீவு போட வேணாம். பாவாடைக்கு உள்ள கருப்பு சைக்கிளிங் ஷார்ட்ஸ், பேகுக்குள்ள ஒரு கவர்ல டிராக் பேன்ட், நாப்கின். ஷூ மறுபடி காயலன்னா கிளாஸ் மிஸ்சுக்கு டைரில ரெண்டு வரி, 'வெள்ளை ஷூ ஈரம், நாளை சரியாகிவிடும், மகளை வகுப்பில் அனுமதிக்கவும்'னு எழுதி கையெழுத்து போட்டு அனுப்புங்க. எழுத்துல வந்துட்டா வெளிய நிறுத்த ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிப்பாங்க. அப்புறம், ஈர கேன்வாஸ் ஷூவுக்குள்ள ராத்திரியே பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கித் திணிச்சு வெச்சு, நடுவுல ஒரு தடவை பேப்பரை மாத்தினீங்கன்னா காலைல முக்கால்வாசி காய்ஞ்சிருக்கும். பழுப்பா இருக்கற இடத்துல சாக்பீஸ் தேய்க்கறது எப்படின்னு உங்க பொண்ணுக்கே தெரியும், எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

நேவி ப்ளூவுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னா துணி எடுத்து டெய்லர்கிட்ட கொடுக்கும்போது கீழ மூணு இஞ்ச் உள்மடிப்பு விடச் சொல்லுங்க, இடுப்புலயும் ரெண்டு பக்கமும் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. பதிமூணு வயசு, ஆறு மாசத்துல வளர்ந்துடும். அப்பப்ப பிரிச்சு விட்டீங்கன்னா ஒன்பதாவது அரைப்பரீட்சை வரைக்கும் அதே பாவாடையில போயிடலாம்.